மின்வேலியில் சுருண்ட அழுங்கையும் வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் உள்ள ட்ஸ்வாலு காப்பகம் ஓவியர்களைத் தங்கவைத்து, அவர்களின் படைப்புகள் வழியாகக் காட்டுயிர் ஆய்வுக்கு உதவுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கால்நடைப் பண்ணைகளின் உள்வேலிகளைப் பிடுங்கிவிட்டு, ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை விலங்குகளுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல செய்தி. ஆனால் கட்டுரை ஓவியங்களை விற்று வரும் பணத்தைப் பற்றியே பேசுகிறது. அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, ஓவியர் அங்கே தங்குவதுதான் பெரிதாகப் படுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் பிடிபட்ட அழுங்கை வனத்துறையினர் காட்டில் விட்டபோது அருகில் நின்றேன். எறும்புதின்னி என்றும் சொல்வார்கள். பந்தாகச் சுருண்டு கிடந்தது. ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய செதில்கள். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் மெல்லிய வரிகள், இடுக்குகளில் செம்மண். நாங்கள் விலகிப்போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் மூக்கு நுனி வெளியே வந்தது. வீட்டுக்கு வந்து வரைந்தேன். செதில் வந்தது, உயிர் வரவில்லை. இன்னும் பத்து இரவுகள் பார்த்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். கலஹாரியில் தங்கும் ஓவியருக்கு அந்த இரவுகள் கிடைக்கின்றன.

அங்குள்ள அழுங்கு நம் ஊர் அழுங்கைப் போல நான்கு காலில் நடப்பதில்லை. முன்கால்களை மார்போடு ஒடுக்கி, வாலைச் சமநிலைக்கு நீட்டி, பின்னங்கால்களில் நடக்கிறது. அந்த நடையே அதற்கு எமனாகிறது. பண்ணைகளிலும் காப்பகங்களிலும் கட்டியுள்ள மின்வேலியின் அடிக்கம்பி, செதில் இல்லாத அதன் வயிற்றில் படுகிறது. பயந்ததும் அழுங்கு என்ன செய்யும்? சுருளும். கம்பியைச் சுற்றியே சுருண்டு, அதிர்ச்சிமேல் அதிர்ச்சி வாங்கிச் சாகிறது. அழுங்குப்பிடி என்று நாம் சொல்கிறோமே, சிங்கத்திடமிருந்து காக்கும் அந்தப் பிடிதான் அதைக் கொல்கிறது.

உலகிலுள்ள எட்டு வகை அழுங்குகளையும் பன்னாட்டு வணிகத்திலிருந்து விலக்க 2016-இல் ஜோகன்னஸ்பர்கில் நடந்த காட்டுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு மாநாட்டில் முடிவெடுத்தார்கள். அப்படியும் 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே கப்பல் பெட்டியில் சுமார் 13 டன் செதில் பிடிபட்டது. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அது. வேட்டையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். வேலியைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

ஆகவே பாலைநிலத்துக்குப் போகும் ஓவியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தி வானத்தையும் காண்டாமிருகத்தையும் வரையுங்கள், விற்கும். கூடவே கம்பியில் சுருண்ட அழுங்கையும் ஒருமுறை வரையுங்கள். யார் வீட்டுச் சுவரிலும் அதை மாட்ட மாட்டார்கள் என்று தெரியும். வேலி போட்ட பண்ணைக்காரர்கள் கூடும் இடத்தில் மாட்டுங்கள். அடிக்கம்பியில் மின்சாரம் பாயாமல் வைப்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் இதழுக்கும் ஒன்று: கட்டுரையோடு வந்த ஆறு படங்களில் அழுங்கு ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை ஒரு கோட்டோவியமாவது, அரைப் பக்க அளவில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
தேனி