தாத்தாவுக்குக் கிடைத்த நியாயம் யோகோவுக்கு எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘ரோபோ ஜி’ என்ற ஜப்பானிய நகைச்சுவைப் படம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2012-இல் வெளிவந்த படம். இயக்குநர் ஷினோபு யாகுச்சி. சிரிப்புக் காட்சிகளை எல்லாம் ரசித்து எழுதிய கட்டுரையாளர், படத்தில் யாருக்கு எந்த இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தொடவே இல்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

வீட்டு உபயோகப் பொருள் செய்யும் கம்பெனி ஒன்றில் மூன்று ஊழியர்கள், முதலாளி சொன்னதற்காக இரண்டு காலில் நடக்கும் ரோபோ செய்கிறார்கள். கண்காட்சி நெருங்கும் நேரத்தில் அது ஜன்னல் வழியே விழுந்து நொறுங்குகிறது. வேறு வழி தெரியாமல் அந்தக் கூட்டுக்குள் ஓர் ஆளை நுழைக்கிறார்கள். அளவு சரியாக அமைந்தவர் சுஸுகி, தனியாக வாழும் 73 வயதுப் பெரியவர்.

இந்தப் பெரியவரைக் காட்டிய விதத்துக்காகவே படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும். முன்கோபி, பிடிவாதக்காரர். பேர் வாங்கியதும் அது வேண்டும் இது வேண்டும் என்று அந்த மூன்று பேரையும் படாதபாடு படுத்துகிறார். சினிமாவில் வயதானவர் என்றால் நோயில் படுத்திருப்பார், இல்லாவிட்டால் புத்தி சொல்வார். இவர் இரண்டும் இல்லை. படம் வந்த காலத்திலேயே ஜப்பான் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கினர் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியோரைப் பார்த்துக்கொள்ள ரோபோ வரும் என்று பேசிக்கொண்டிருந்த நாட்டில், ஒரு முதியவர்தான் ரோபோவையே தூக்கிச் சுமக்கிறார்!

அந்த வேடத்தில் நடித்தவர் மிக்கி கர்ட்டிஸ். 1938-இல் டோக்கியோவில் பிறந்த ராக்கபில்லி (ராக் இசையின் ஆரம்பகால வகை) பாடகர். தாய், தந்தை இருவருமே ஆங்கில-ஜப்பானியக் கலப்பு வழியினர். அப்படிப்பட்டவர் சுஸுகி என்ற சர்வசாதாரணமான ஜப்பானியப் பெயரோடு, பக்கத்து வீட்டுத் தாத்தாவாக வருகிறார். ‘வெளிநாட்டுக்காரர்’ வேடம் என்று ஒதுக்கி வைக்கவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது. ஆனால் இந்தப் படத்தில் அவர் பெயரை இகராஷி ஷின்ஜிரோ என்று போட்டிருக்கிறார்கள். ஊரறிந்த மிக்கி கர்ட்டிஸ் என்ற பெயரே திரையில் வந்திருந்தால் நிறைவு இன்னும் கூடியிருக்கும்.

என் குறையெல்லாம் யோகோ விஷயத்தில். ரோபோ பைத்தியம் பிடித்த பொறியியல் மாணவி அவள். அவள் படிக்கும் கல்லூரியில் உரையாற்ற வரும் அந்த மூன்று பேரும், பதில் தெரியாத கேள்விகளை மாணவர்கள் பக்கமே திருப்பிவிட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் ரோபோ செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். இவ்வளவு விவரம் தெரிந்த பெண், கண்காட்சியில் தன்னைக் காப்பாற்றிய இயந்திரத்தின் மீது காதல் கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள். ஹோண்டா கம்பெனி செய்த அசிமோ என்ற மனித உருவ ரோபோ நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழங்கால் எப்போதும் சற்று மடங்கியே இருக்கும். நேராக நீட்டிவிட்டால் மூட்டைக் கட்டுப்படுத்துவது கடினம். மனிதன் காலை நீட்டி ஊன்றி நடக்கிறான். ரோபோ படிக்கிற பெண்ணின் கண் முதலில் அந்த முழங்காலுக்குத்தான் போயிருக்கும். அவளுக்கு உண்மை அவ்வளவு தாமதமாகத் தெரியவருவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசியில் அவளும் அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். அது நல்ல முடிவுதான். ஆனால் அவள் திறமையைப் படம் அதற்கு வெகுமுன்பே நம்பியிருக்க வேண்டும்.

சினிமாதானே, இதையெல்லாமா பார்ப்பது என்பார்கள். பொறியியலில் சேரும் பெண்களின் விகிதத்தில் வளர்ந்த நாடுகளிடையே ஜப்பான் கடைசி வரிசையில் நிற்கிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் என்ற பல்கலைக்கழகம் 2024, 2025 சேர்க்கைகளுக்குள் 143 இடங்களைப் பெண்களுக்கென்றே ஒதுக்க வேண்டிவந்தது. நான் பாடம் நடத்திய வகுப்புகளிலும் முன்பெஞ்சில் ஒன்றிரண்டு பெண்கள்தான் இருப்பார்கள். லேத்தில் அந்தப் பிள்ளைகள் வேலை செய்த சுத்தத்தை நான் பார்த்திருக்கிறேன். திரையில் ஒரு யோகோ வரும்போது அவர்கள் எவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஜப்பானிய ரோபோ ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி, முடிந்தால் அவர்களிடமே பேசி, ஒரு கட்டுரை வெளியிடுங்கள். மெக்கானிக்கல் எடுக்கவா வேண்டாமா என்று பெண் பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கும் வீடுகளிலும் தங்கள் நாளிதழ் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
கோவை