தடை கேட்கும் முன் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்வோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிரவாதத்தைக் கதையாக்கும் தொலைக்காட்சி, ஓடிடி தொடர்கள் வரும்போதெல்லாம் வாசகர் பகுதியில் கோபமான கடிதங்கள் வருகின்றன. வில்லன் எந்த மதம், எந்த இனம் என்ற கேள்வியோடு அவற்றில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு தொடரின் அரசியல் சாய்வு வில்லனின் பெயரைவிடக் கதையைக் கட்டிய விதத்தில்தான் ஆழமாகப் படிந்திருக்கிறது. அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டாததால் நம் புகார்கள் எடுபடாமல் போகின்றன. சப்டைட்டில், திரைக்கதைச் சரிபார்ப்பு வேலைகளில் இருப்பவர்கள் நாங்கள். எங்கே பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதத் தோன்றியது.

முதலில் கடிகாரம். இன்றைய தீவிரவாதத் தொடர்களுக்கெல்லாம் அச்சாக இருப்பது, அமெரிக்காவின் ஃபாக்ஸ் அலைவரிசையில் 2001 நவம்பர் 6 அன்று தொடங்கிய '24'. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். ஒரு நாளின் 24 மணி நேரம் 24 எபிசோடுகளாக ஓடும். திரையில் எண்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த எண்கள் பரபரப்புக்காக மட்டும் வைக்கப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. மணி ஓடும்போது வழக்கறிஞருக்கு இடமில்லை, நீதிபதிக்கு இடமில்லை, 'ஆள் மாறிப் பிடித்துவிட்டோமோ' என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. கைதியை வதைத்தால் சில நிமிடங்களில் உண்மை வரும் என்ற கணக்கைக் கதாநாயகன் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம், கடிகாரமே சொல்லிவிடும். அந்தத் தொடரின் முதல் 5 சீசன்களில் 67 சித்திரவதைக் காட்சிகள் இருந்ததாக அமெரிக்கப் பெற்றோர் தொலைக்காட்சி அமைப்பு ஒன்று எண்ணிச் சொன்னது. தொடக்கத்தில் வில்லன்கள் செய்த வதையைப் போகப் போகக் கதாநாயகன் ஜாக் பாவரே செய்தார்.

இதை எதிர்த்தவர்களில் ராணுவத்தாரும் இருந்தார்கள். 2006 நவம்பரில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் கல்வித்துறைத் தலைவர் பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னகன், அனுபவமுள்ள விசாரணையாளர்களை அழைத்துக்கொண்டு தொடரைத் தயாரித்தவர்களைச் சந்தித்தார். தன் மாணவர்கள் திரையில் பார்ப்பதைச் சரியென்று நம்பத் தொடங்கியதே அவருடைய கவலை. சித்திரவதை எதிர்விளைவைத் தருவதாக ஒரு கதையாவது எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நிஜத்தில் என்ன நடந்தது? இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி எகிப்தில் வதையின்கீழ் ஒரு 'வாக்குமூலம்' கொடுத்தார்: அல்-காயிதாவுக்கு இராக் ரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்று. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் காலின் பவல் ஆற்றிய உரையில் அது இடம்பெற்றது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. பிறகு அல்-லிபி தான் சொன்னது பொய் என்று மறுத்தார். 2014 டிசம்பரில் வெளியான அமெரிக்க செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கை, வதையால் கிடைத்த வெற்றிகள் என்று அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பெருமையாகச் சொன்ன 20 நிகழ்வுகளை எடுத்துச் சரிபார்த்து, அந்தக் கூற்றுகள் தவறானவை என்றது. அல்-லிபியின் கதையைத் தொடர் எடுப்பவர்கள் தொடுவதில்லை. தொட்டால் கடிகாரம் நின்றுவிடும்.

இரண்டாவது, பின்னணியில் இருக்கும் மொழி. 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்க உளவுத் தொடரின் ஐந்தாவது சீசனுக்காக ஜெர்மனியின் பெர்லினில் ஒரு சிரிய அகதி முகாம் செட் போட்டார்கள். சுவர்களில் அரபு எழுத்து இருந்தால் நிஜம்போல இருக்கும் என்று மூன்று கலைஞர்களை அழைத்து எழுதச் சொன்னார்கள். அவர்கள் 'ஹோம்லேண்ட் இனவெறித் தொடர்' என்றே எழுதிவைத்தார்கள். படப்பிடிப்பிலோ, படத்தொகுப்பிலோ, ஒளிபரப்புக்கு முந்தைய சரிபார்ப்பிலோ யார் கண்ணிலும் அது படவில்லை. 2015 அக்டோபர் 11 அன்று அப்படியே ஒளிபரப்பானது. வேறொரு சமூகத்தின் எழுத்து அவர்களுக்குச் சுவர்ச்சாயம்போல ஒரு பொருளாகிவிட்டது. வாசிக்க வேண்டிய ஒன்றாகத் தோன்றவே இல்லை. இதே தொடர் மூன்றாண்டுகளுக்கு முன்பு பெய்ரூட்டின் ஹம்ரா வீதியை ஆயுதக் குழுக்கள் திரியும் இடமாகக் காட்டியது. அங்கே போனவர்களுக்குத் தெரியும், அது காப்பிக்கடைகளும் புத்தகக்கடைகளும் நிறைந்த வீதி. அந்தக் காட்சிகளை எடுத்தது இஸ்ரேலில். வழக்குப் போடுவதாக லெபனானின் சுற்றுலா அமைச்சர் அப்போது சொன்னார்.

எங்கள் வேலையோடு ஒட்டிய இடம் என்பதால் சப்டைட்டிலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கில சப்டைட்டிலுக்குப் பெரும்பாலும் ஒரு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி, திரையில் 7 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சாய்வு அந்த முடிவுகளில்தான் நுழைகிறது. 'பெடியள் இயக்கத்துக்குப் போனவை' (பையன்கள் இயக்கத்துக்குப் போனார்கள்) என்று ஓர் ஈழத்துத் தாய் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 'இயக்கம்' என்பதை 'மூவ்மென்ட்' என்று போட்டால் ஆங்கிலத்தில் 8 எழுத்து. 'டெரரிஸ்ட்ஸ்' என்று போட்டால் 10 எழுத்து. ஆகவே இடம் போதவில்லை என்ற சாக்கு செல்லாது. இரண்டாவது சொல் போடப்பட்டால், அந்தத் தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லாத தீர்ப்பை அவள் வாயில் நாம் வைத்துவிட்டோம் என்று பொருள். இதைவிட மோசமானது, மொழிபெயர்க்காமலே விடுவது. அதிகாரி பேசுவதற்கெல்லாம் முழு வரி இருக்கும்; சோதனைச் சாவடியில் கதறும் பெண்ணுக்கு மட்டும் 'அந்நிய மொழியில் பேசுகிறார்' என்று ஓர் அடைப்புக்குறி வரும். அந்த ஒரு குறியில் ஒரு மனிதப் பிறவி வெறும் சத்தமாகிவிடுகிறது.

இப்போது நமக்கு நெருக்கமான 'தி ஃபேமிலி மேன்' என்ற இந்தித் தொடர். நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: 2019-ல் வந்த முதல் சீசனில், நிரபராதியான ஒரு முஸ்லிம் மாணவரை உளவுப் பிரிவு தவறாகச் சுட்டுவிட்டு அதை மூடி மறைப்பது கதையிலேயே இருந்தது. இந்தியத் தொடர்களில் அது அரிது. 2021 ஜூன் 4 அன்று வெளியான இரண்டாவது சீசனிலும் தமிழ்க் கதாபாத்திரங்கள் தமிழிலேயே பேசினார்கள், தமிழ் நடிகர்களே நடித்தார்கள். பழைய இந்திப் படங்களின் 'ஐயோ ஐயோ' கேலித் தமிழ் இல்லை. ஆனாலும் ஈழத்துப் பெண் ராஜி பேசும் தமிழ் வேறு, சென்னை அதிகாரிகள் பேசும் தமிழ் வேறு என்பது நம் காதுக்கு எட்டுகிற அளவுக்கு ஆங்கில வரியைப் படிப்பவருக்கு எட்டாது.

கதையின் முதுகெலும்புதான் எங்களுக்கு நெருடல். இலங்கைத் தமிழ்ப் போராளிகள் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐஎஸ்ஐயின் அதிகாரியோடு கைகோத்து, சென்னையில் இந்தியப் பிரதமரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். கதையில் இயக்கத்தின் பெயர் சொல்லப்படாவிட்டாலும் யாரை நினைத்து எழுதப்பட்டது என்பது பார்ப்பவருக்குத் தெரியும். வரலாற்றுப் பதிவோ இதற்கு நேர் எதிர். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பழி புலிகள்மீது விழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். பாகிஸ்தான் நின்றது இலங்கை அரசின் பக்கம். 2000-ல் ஆனையிறவு ராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தபின் பல்குழல் ராக்கெட் ஏவிகளைக் கொடுத்தது. 2006 ஆகஸ்ட் 14 அன்று கொழும்பில் பாகிஸ்தான் தூதரின் வாகன அணியைக் குறிவைத்துக் குண்டு வெடித்தது. புலிகளே காரணம் என்று இலங்கை அரசு சொன்னது.

புலிகளை வெள்ளையடிக்க இதைச் சொல்லவில்லை. மேலே எழுதியவற்றில் பாதி அவர்கள்மீதான குற்றச்சாட்டுகள்தானே. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு இறந்த மற்றவர்களையும் தமிழகம் மறக்கவில்லை. போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கலாம் என்று சொன்ன 2011-ன் ஐ.நா. நிபுணர் குழு அறிக்கைதான், தப்பியோடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் பதிவு செய்தது. அந்த உண்மைகளை வைத்தே கனமான ஒரு தொடரை எடுத்திருக்க முடியும். அதை விட்டு, ஈழத் தமிழர் பிரச்சினையைப் பாகிஸ்தான் பிரச்சினையின் கிளையாக்கினால்தான் வடக்கே உள்ள பார்வையாளருக்குப் புரியும் என்று எழுத்து மேசையில் முடிவாகியிருக்கிறது. எங்கள் கணிப்பில் அந்தத் தொடரின் சாய்வு அங்கேதான் இருக்கிறது. நடிகை யார், உடை என்ன, முகத்தில் பூசிய நிறம் என்ன என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இனி புகார்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். அந்தத் தொடரை நிறுத்தக் கோரித் தமிழக அரசு 2021 மே 24 அன்று மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. ஜூன் 4 அன்று தொடர் வெளியானது. 2024 ஆகஸ்ட் 29 அன்று நெட்ஃபிளிக்ஸில், 1999-ல் நடந்த இந்திய விமானக் கடத்தலைச் சொல்லும் 'ஐசி 814: தி காந்தஹார் ஹைஜாக்' வந்தது. கடத்தல்காரர்களை 'போலா', 'சங்கர்' என்று இந்துப் பெயர்களில் அழைத்தது சர்ச்சையானது. அவை கடத்தல்காரர்கள் விமானத்துக்குள் தங்களுக்குள் நிஜமாகவே வைத்துக்கொண்ட சங்கேதப் பெயர்கள். 2000 ஜனவரி 6 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கின்றன. இருந்தும் நிறுவனத்தின் அதிகாரியை மத்திய அரசு அழைத்தது. வெளியான ஒரு வாரத்துக்குள் உண்மைப் பெயர்களும் சங்கேதப் பெயர்களும் சேர்ந்த அறிவிப்பு தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. அதைச் சேர்த்தது நல்லதே, பார்ப்பவருக்குத் தகவல்தான் கூடியது. ஆனால் பதிவோடு ஒத்துப்போன ஒரு விவரத்துக்கு ஒரு வாரத்தில் விளக்கம் கிடைக்கிறது, பதிவுக்கு நேர் எதிரான ஒரு கதைக்கு ஒரு வரி விளக்கம்கூடக் கிடைப்பதில்லை. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது.

நம் பக்கத்துக் குறையும் உண்டு. 2021-ல் நாம் வைத்த கோரிக்கை டிரெய்லரை மட்டும் பார்த்து எழுந்தது. 'முழுத் தொடரையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்' என்ற ஒரே பதிலில் அது முடங்கியது. தடை கேட்டால் நிறுவனம் வழக்கறிஞரை அழைக்கும். திருத்தம் கேட்டால் யாராவது ஒருவர் அந்த எபிசோடைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

ஆகவே புகாரை இப்படி எழுதுங்கள். சீசன், எபிசோட் எண், நிமிடம், நொடி. அந்த இடத்தில் காதில் விழுந்த சொல், திரையில் எழுதப்பட்ட சொல், இருந்திருக்க வேண்டிய சொல். வரலாற்றுப் பிழை என்றால் எந்த ஆவணம் மறுக்கிறது என்பதைத் தேதியோடு ஒரே வரியில். கடைசியில் என்ன திருத்தம் வேண்டும் என்பது. இதில் வரிசை முக்கியம். சப்டைட்டில் வீடியோவிலிருந்து தனியான ஓர் எழுத்துக் கோப்பு. ஒரு சொல்லை மாற்றி மறுபடி ஏற்றுவது சின்ன வேலை, மறுக்க அவர்களிடம் காரணம் இருக்காது. தொடக்க அறிவிப்பை மாற்றுவது அதற்கு அடுத்த படி. காட்சியை வெட்டச் சொன்னால் எல்லா மொழி டப்பிங்கிலும் ஒலியையும் படத்தையும் மறுபடி பொருத்த வேண்டும், ஆகவே உடனே மறுப்பார்கள். மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டால் மூன்றாவதைக் காட்டி முதல் இரண்டையும் தட்டிக்கழிப்பார்கள். தனித்தனியாக அனுப்புவதே நல்லது.

2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு ஓடிடி தளமும் குறைதீர் அதிகாரியை வைத்து, புகார் பெற்றதற்கு 24 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அவர்களுடைய சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். இந்த மூன்றடுக்கு ஏற்பாட்டைச் சொல்லும் விதிக்கு 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது உண்மை. ஆனாலும் தளத்திடமே நேராக எழுதிக் கேட்பதை அது தடுக்கவில்லை. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் படியெடுத்து அனுப்புவதால் பெரிய பயனில்லை. பத்துப் பேர் பத்து வெவ்வேறு இடங்களைக் குறித்து அனுப்பினால் பத்துப் பதில் எழுத வேண்டிவரும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய தொடர்களுக்கு விமர்சனம் எழுதும்போது நடிப்பு, இசை, மதிப்பெண் ஆகியவற்றோடு சிறு பெட்டிச் செய்தி ஒன்றும் போடுங்கள்: எந்த உண்மை நிகழ்வுகளின் சாயல், பதிவோடு எங்கே முரண்படுகிறது, யாருடைய பேச்சு மொழிபெயர்க்கப்படாமல் விடப்பட்டது. நாலு வரி போதும். வாசகர் அனுப்பிய புகாருக்குத் தளம் தந்த பதிலையும் தேதியோடு அச்சிடுங்கள். பதில் வராவிட்டால் 16-ஆம் நாள் 'பதில் வரவில்லை' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
சப்டைட்டில், திரைக்கதைச் சரிபார்ப்புப் பணியில் இருப்போர் சிலர்,
சென்னை.