செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டுப் படிவம் போய்விட்டது. சந்தா பாக்கியைப் பொருளாளர் தம் அறிக்கையில் படிப்பார். அந்த நேரம் பார்த்து யாரும் தே தாரிக் டீ வாங்கக் கீழே இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நாம் கூடிப் பார்த்த கார், மோட்டார்சைக்கிள் பந்தயங்களைவிட, பார்த்து முடித்த பிறகு போட்ட சண்டைகள்தான் இந்த ஆண்டு அதிகம். எல்லாச் சண்டையும் டயரில்தான் வந்து நின்றது.

மார்ச் 2 அன்று தாய்லாந்தின் புரிராமில் மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயம். முன்னால் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கேஸ் திடீரென்று வேகத்தைக் குறைத்துத் தன் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். வண்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தோம். காரணம் டயர் விதி. முன் டயரின் காற்றழுத்தம் 1.8 பார் என்ற அளவுக்குக் கீழே இறங்கி ஓடினால் அபராதம். இன்னொரு வண்டியின் சூட்டுக்குப் பின்னால் போனால் அழுத்தம் தானாக ஏறும். தம்பியின் நிழலில் பல சுற்றுகள் ஓடிவிட்டு, கடைசியில் முந்திப்போய் ஜெயித்தார் அண்ணன். ஆனால் அதே சூடுதான் மற்றவர்களுக்கு வினை. நெருங்கிப் பின்தொடர்ந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறும், பிரேக் பிடிக்கும்போது டயர் நழுவும், முந்த முடியாது.

ஃபார்முலா 1 காரிலும் பின்னால் வருபவருக்குத்தான் கஷ்டம். முன்னால் போகும் காரின் கலங்கிய காற்றில், காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைந்து கார் சறுக்கும், டயர் சூடாகும், பிடிமானம் போகும். இதை மீறி முந்த வேண்டுமென்றால் இரண்டு காரின் டயருக்கும் நடுவே நல்ல வித்தியாசம் வேண்டும். விதி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

மே 25, மொனாக்கோ. அந்தக் குறுகிய தெருவில் முந்தவே இடமில்லை என்பதால், ஆளுக்குக் குறைந்தது மூன்று செட் டயர், அதாவது இரண்டு தடவையாவது மாற்றியாக வேண்டும் என்று இந்த ஆண்டு விதி வைத்தார்கள். ரேசிங் புல்ஸ் குழு என்ன செய்தது? தன் ஓட்டுநர் லாசனை மெதுவாக ஓட்டவிட்டுப் பின்னால் வந்தவர்களை அடைத்துவைத்தது. அதில் கிடைத்த இடைவெளியில் அதே குழுவின் ஹஜார் நிம்மதியாக டயர் மாற்றிக்கொண்டார். வில்லியம்ஸ் குழுவும் அதையே செய்தது. பெடரல் சாலை நெரிசலைக் காசு கொடுத்துப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் கத்தார். நமக்கு நள்ளிரவு 12 மணி, விடிந்தால் திங்கட்கிழமை. ஒரு செட் டயரில் 25 சுற்றுக்கு மேல் ஓடக்கூடாது என்று பாதுகாப்புக்காகக் கட்டுப்பாடு. மொத்தம் 57 சுற்று. ஏழாவது சுற்றில் எல்லாரையும் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் வந்தது, அப்போது டயர் மாற்றினால் நேர நஷ்டம் குறைவு. மீதி 50, அதாவது சரியாக இரண்டு 25. கிட்டத்தட்ட எல்லாரும் அப்போதே டயர் மாற்ற உள்ளே வந்தார்கள், 32ஆவது சுற்றில் மறுபடியும் வந்தார்கள். எல்லார் டயருக்கும் ஒரே வயது என்றால் யார் யாரை முந்துவது? மெக்லாரன் குழுவோ இரண்டு காரையும் உள்ளே கூப்பிடாமல் ஓடவிட்டு வெற்றியைக் கோட்டைவிட்டது. உள்ளே வந்துபோன ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார்.

துணைத் தலைவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கட்டாய பிட் (டயர் மாற்ற உள்ளே வருவது) இல்லாவிட்டால் இதைவிடத் தூக்கம் வரும் என்கிறார். அவருக்காக 2015இல் நம் செப்பாங்கில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தை மறுபடி போட்டுக் காட்டினோம். நான்காவது சுற்றில் பாதுகாப்புக் கார் வந்தபோது மெர்சிடிஸ் கார்கள் டயர் மாற்றப் போயின, ஃபெராரியின் வெட்டல் போகவில்லை. அந்த வெயிலில் அவர் இரண்டே பிட்டில் முடித்தார், மெர்சிடிஸின் ஹாமில்டனுக்கு மூன்று தேவைப்பட்டது. இரண்டா மூன்றா என்று யாரும் கட்டாயப்படுத்தாமல் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள், ஃபெராரி ஜெயித்தது. பார்த்து முடித்த துணைத் தலைவர், "சரி, அது செப்பாங்" என்று மட்டும் சொன்னார்.

நள்ளிரவுப் பந்தயங்களுக்குக் கூடுவதா, மறுநாள் மாலை பதிவு போட்டுப் பார்ப்பதா என்பதை இன்றைய கூட்டம் முடிவு செய்ய வேண்டும். பதிவு என்றால், முடிவை முன்கூட்டியே வாட்சப்பில் போடுபவருக்கு அபராதம் விதிக்கவும் பரிந்துரைக்கிறேன்.

நன்றி.

செயலாளர்