புங்கையா, கல்வாழையா?

ஆசிரியருக்கு வணக்கம். வெயில் காலம் வந்தாலே மரம் நடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நல்லதுதான், ஆனால் வீட்டுத் தோட்டத்தில் எந்த மூலையில் எதை வைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

மேற்குப் பக்கம் சுவரைவிட்டுத் தள்ளி தாராளமாக இடம் இருந்தால் புங்கைதான். மாசி, பங்குனியில் இலையைக் கொட்டினாலும் சீக்கிரமே பளபளவென்று தளிர்த்து, சித்திரை வெயிலுக்குள் அடர்ந்த நிழலைக் கொடுத்துவிடும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை குல்மொஹர் மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தோமே, பூ அழகுக்காக அதையே திரும்ப வைக்க வேண்டாம்.

சரி, அரை கிரவுண்டு வீட்டுக்காரர் என்ன செய்வார்? அங்கே செப்டிக் டேங்க் பக்கத்தில் மரத்தை நெருக்கி வைப்பதைவிட, குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் தேங்கிக் கொசு மொய்க்கும் இடத்தில் ஒரு குழி வெட்டி, அடியில் ஜல்லி, மேலே மணல் போட்டு, கல்வாழை என்ற பூச்செடியின் கிழங்கை ஊன்றலாம். அதன் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும், கழிவுநீரைச் சுத்திகரிக்க அமைக்கும் செயற்கை ஈரநிலங்களிலும் இதை நடுகிறார்கள். கழிப்பறைத் தண்ணீரை மட்டும் அதில் விடக்கூடாது. அப்புறம், புதர் அடர்ந்தால் கிழங்கைப் பிரித்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

இலவசமாக மரக்கன்று கொடுக்கும் உள்ளாட்சி அமைப்புகள், சின்ன வீடுகளுக்குக் கல்வாழைக் கிழங்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.