ஆத்தூர் ஸ்டேஷனுக்கு ஒரு ரிலீவர்

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள முரளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மடல்களுக்குப் பதில் போடாததற்கு வழக்கமான சாக்குதான். குண்டுமணியிடம் கேள், என்னைவிடக் கோவையாகச் சொல்வான். கவிதா உன்னை விசாரித்தாள். அந்த வடகம் உனக்கு வந்து சேர்ந்ததா, ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிக்கொண்டார்களா என்று கேட்கச் சொன்னாள்.

"அப்பா உங்க வீட்டுப் பக்கமே போறதில்லையாமே, ஏதாவது சண்டையா?" என்று போனில் கேட்டாய். அவரை எதிரில் வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல? அதனால்தான் இந்தக் கடிதம். சண்டை எதுவும் இல்லை. அவர் ரிசைன் செய்துவிட்டார். இப்போது மறுபடி சேர்ந்துவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்றால்...

மாடி அறையில் நான் ரயில் விடுவது உனக்குத் தெரியும். நீ பார்த்தபோது ஒரு வட்டமும் ஒரு எஞ்சினும்தான் இருந்தன. அதற்கும் சேர்த்துத்தானே அப்படிச் சிரித்தாய். இப்போது வந்து பார். மூன்று சுவரை ஒட்டிப் பலகை அடித்து, சேலம் டவுன், வாழப்பாடி, ஆத்தூர் என்று மூன்று ஸ்டேஷன். இடையில் ஒற்றைப் பாதை. பின்னால் தெர்மாகோலில் சேர்வராயன் மலை. ஏற்காடு ரோட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் வரைந்தே தீருவேன் என்று கிளம்பிய நிலா, ஏழாவது வளைவிலேயே மலை தீர்ந்துவிட்டது என்கிறாள். உன் அப்பாவுக்கோ வேறு புகார். ஆத்தூருக்குப் பின்னால் சேர்வராயன் எப்படி வரும், கல்வராயன் அல்லவா வேண்டும் என்று. அறைக்குள் ஒரு மலைக்குத்தான் இடம் இருக்கிறது என்றேன். "ஏம்பா, அப்ப ஆத்தூர்னு போர்டு வைக்காதே" என்றார். போர்டு இருக்கிறது. அவரும் விடுவதாக இல்லை.

அவர் முதல்நாள் செய்த காரியம் என்ன தெரியுமா? சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தண்டவாளத்தை அளந்தார். பதினாறரை மில்லிமீட்டர். என் ரயில் நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு என்பதால் 87ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கேஜே இல்லையே" என்றார். வாஸ்தவம். பிராட் கேஜ் என்றால் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், ரயில்வேயில் அவர் வேலை பார்த்த மீட்டர் கேஜ் என்றால் பதினொன்றரை. கடையில் கிடைக்கும் பதினாறரை உங்கள் ஜெர்மனியின் 1435 மில்லிமீட்டர் கேஜுக்கு உரியது. ஆக, உன் ஊர்ப் பாதையில் எங்கள் ஊர் வண்டி ஓடுகிறது. இந்தியாவில் இந்த வேலை செய்கிறவர்கள் பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று சமாதானம் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை.

இதெல்லாம் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு நீதான் காரணம். ஹாம்பர்க்கின் மினியாட்டூர் வுண்டர்லாண்டிலிருந்து அந்த வீடியோவை நீ அனுப்பியிருக்கக் கூடாது. 2001இலிருந்து நூற்றுக்கணக்கான வண்டிகளைக் கம்ப்யூட்டர் வைத்து ஓட்டுகிறார்கள், நம்மால் நாலு வண்டி ஓட்ட முடியாதா என்று ஒரு வீம்பு. பழைய பொம்மை ரயிலில் கரண்டைக் கூட்டினால் பாதையில் இருக்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும். டிஜிட்டலில் அப்படி இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு வோல்டேஜ் இருக்கும். அதன் திசையை மாற்றி மாற்றிப் போடுவதிலேயே கட்டளை போகிறது. 58 மைக்ரோ வினாடியில் திரும்பினால் ஒன்று, 100இல் திரும்பினால் பூஜ்யம். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் முகவரிக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிதாக வரும் எஞ்சினுக்கெல்லாம் முகவரி 3 என்றுதான் இருக்கும், நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன்பு இரண்டு எஞ்சினை எதிரெதிரே பாதையில் வைத்து, கிளப்பினால் என்ன ஆகும் என்று நிலாவுக்குக் காட்டினேன். இரண்டும் ஒரே கட்டளைக்கு எதிரெதிரே கிளம்பின. உன் அப்பா பதறி எழுந்து பவரை நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் வெறும் பார்வையாளர் இல்லை, ஆத்தூர் ஸ்டேஷன் மாஸ்டர்.

சாமான்கள் எல்லாம் சாதாரணம்தான். ஆர்டுவினோ மெகா என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று, அதன் மேல் ஒரு மோட்டார் ஷீல்டு, அதில் டிசிசி-இஎக்ஸ் என்கிற இலவச மென்பொருள். வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட்டுகளைத் திருப்பச் சின்ன சர்வோ மோட்டார்கள். அவற்றில் பாதி, கரண்ட் கொடுத்ததும் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கின. விற்றவன் போனையே எடுப்பதில்லை. வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் கரண்ட் இழுக்கிறதா என்று சென்சார் பார்க்கும். எஞ்சின் இழுக்கும், வெறும் பெட்டி இழுக்காது. அதனால் பெட்டியின் சக்கரத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒட்ட வேண்டும். அரிசி அளவுகூட இருக்காது. என் கைக்கு அது ஆகவில்லை. எதிர்வீட்டுக் கொலுசுப் பட்டறைப் பையன் ஒருநாள் மாலை வந்து உட்கார்ந்து அத்தனையையும் ஒட்டிக் கொடுத்தான். சக்கரத்தில் அவன் ஈயம் வைத்த இடத்தை லென்ஸ் வைத்துத்தான் தேட வேண்டும். பாலிடெக்னிக் லேபில் நான் இத்தனை வருஷம் சால்டரிங் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் இருக்க, அடுத்த துண்டைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று நிரலில் எழுதினேன். உன் அப்பாவிடம் விளக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே கையை ஆட்டிவிட்டார். "நீல்ஸ் டோக்கன்தானே?" பந்து டோக்கன் அவருக்குக் கைப்பழக்கம். இரண்டு ஸ்டேஷன் கருவியும் மின்கம்பியில் இணைந்திருக்கும், ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் அது திரும்ப உள்ளே போகும்வரை அடுத்தது வராது, அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் நகர மாட்டார். "அப்ப பந்து கம்ப்யூட்டர்கிட்ட இருக்கு" என்றார். பாலிடெக்னிக்கில் இதை ஒரு செமஸ்டர் நடத்தினாலும் பையன்களுக்கு ஏறாது.

ஆனால் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்று அடுத்த ஸ்டேஷன் தரும் அனுமதி, அதைக் கொடுப்பதில் மட்டும் மசியவில்லை. அடுத்த ஸ்டேஷனின் முதல் சிக்னல் வரை பாதை காலியாக இருந்தால் போதாதாம், அதற்கு அப்பாலும் காலி இருக்க வேண்டுமாம். பழைய கைகாட்டி என்றால் 400 மீட்டர், இரண்டுக்கு மேல் நிறம் காட்டும் கலர் லைட் சிக்னல் என்றால் 180. 87ஆல் வகுத்துப் பார். 400 மீட்டர் என்பது பதினைந்து அடி. என் அறையே பதினாலு அடி! கலர் லைட் என்று வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சினேன். அதுவும் ஏழடிக்கு வந்து நிற்கிறது. கடைசியில் ஒரு சாண் என்று முடிவாயிற்று. "ரூல் புக்குல சாண் கிடையாது" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார்.

நாலாவது வண்டி சேர்ந்த பிறகு ஒருநாள் எல்லாமே நின்றுவிட்டது. மோதல் இல்லை, ஷார்ட் இல்லை, எந்த விளக்கும் சிவப்பாகக் கத்தவில்லை. வாழப்பாடியின் இரண்டு லைனிலும் ஆத்தூர் போகிற வண்டி. ஆத்தூரின் இரண்டு லைனிலும் வாழப்பாடிக்கு வருகிற வண்டி. நடுவில் பாதை காலியாகக் கிடக்கிறது, ஆனால் போய் நிற்க இடம் இல்லாததால் யாரும் நகரவில்லை. நிரல் விதிப்படிதான் நடந்திருக்கிறது. நான் லேப்டாப்பில் வரிவரியாகத் தேடிக்கொண்டிருக்க, உன் அப்பா சிரித்த சிரிப்பு! ரெண்டாவது பொங்கல் அன்றைக்குச் சிரித்தாரே, அதே சிரிப்பு. "ரெண்டு லூப்பையும் ஒரே பக்கம் போறவனுக்குக் கொடுத்துட்டா, எதிர்ல வர்றவன் எங்கப்பா நிப்பான்?" முன்னால் இருக்கும் ஸ்டேஷனில் ஒரு லைன் காலி என்று தெரியாமல், இரண்டாவது வண்டியை உள்ளே விடாதே. அவ்வளவுதான். நாலு வரி. இன்றுவரை மறுபடி சிக்கவில்லை.

அதன் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடித்து ஓடவிட்டேன், மதியம் சாப்பாடு வரை யாரும் எதையும் தொடவில்லை. நாலு வண்டியும் தானே கிளம்பி, தானே நின்று, ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடின. நான் குதிக்காத குறை. கவிதாவே மாடிக்கு வந்து பார்த்தாள், அதைவிட என்ன வேண்டும்? உன் அப்பா ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு தன் நோட்டை மூடி, பேனாவைப் பையில் செருகினார். "பிரமாதம்பா. இனிமே ஸ்டேஷன் மாஸ்டர் தேவையில்லை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும். போன் செய்தால் "முழங்கால் வலி" என்பார்.

எனக்கும் ஒரு விஷயம் புரிந்தது முரளி. அவர் வராத நாட்களில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தேன். கால் மணி நேரம்கூட உட்கார முடியவில்லை. எல்லாம் சரியாக நடக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது? அதனால் ஆத்தூரை மட்டும் கம்ப்யூட்டரிடமிருந்து பிடுங்கினேன். ஒரு சின்னப் பலகையில் இரண்டு சாவி, ஒரு மணி. வாழப்பாடிக் கம்ப்யூட்டர் மணி அடித்துக் கேட்கும். ஆள் இருந்து சாவியைத் திருப்பி லைன் கிளியர் கொடுக்காவிட்டால் வண்டி வாழப்பாடியிலேயே கிடக்கும். சூரமங்கலம் போய், "ஆத்தூர்ல ஆள் இல்லாம மூணு வண்டி தேங்கி நிக்குது" என்று மட்டும் சொன்னேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இப்போது தினமும் ஆறு மணிக்கு ட்யூட்டி. ரிஜிஸ்டர் எழுதுகிறார். போதாததற்கு, சேலம் டவுன் கவிதாவாம். சமையலறைக்குப் போன் போட்டுப் பிரைவேட் நம்பர் கேட்கிறார், சொன்னதை உறுதி செய்ய ஸ்டேஷன் மாஸ்டர்கள் கொடுத்துக்கொள்ளும் எண் அது. தோசைக் கரண்டியும் கையுமாக இவள் "நாற்பத்தேழு" என்கிறாள். நேற்று கொடுத்த நம்பரையே இன்றும் கொடுத்தால் கண்டுபிடித்துத் திட்டுகிறார்.

கோபித்துக்கொள்ளாமல் கேள். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவர் தனியாக இருப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. மாலையில் மூன்று மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன். இரவு? முழங்கால் வலி சாக்கு மட்டும் இல்லை. எங்கள் மாடிப்படிக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடி போட்டுவிட்டேன், ஆனால் டவுன் பஸ் படிக்கு யார் போடுவது? நீ அழைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீ அழைக்கிற விதம் சரியில்லை. "வீட்டை வித்துட்டு வந்துடுங்கப்பா" என்று எடுத்தவுடனே சொன்னால் யார் வருவார்கள்? இங்கே உட்கார்ந்து என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "ரிலீவர் வராம எப்படிப்பா சார்ஜ் கொடுக்கறது?" விளையாட்டாகத்தான் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு. ரிலீவர் தயாராகிறாள். நிலாவைத்தான் உட்கார வைத்து ரூல் சொல்லிக் கொடுக்கிறார், வாரக் கடைசியில் டெஸ்ட்கூட உண்டு. பள்ளிப் பாடத்துக்கு இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு ஏப்ரலில் பரீட்சை முடிகிறது. மே மாதத்துக்கு டிக்கெட் போடு. சுற்றுலா விசாவில் 90 நாள் வரை இருக்கலாம், ஆகஸ்டுக்குள் திரும்பிவிடுவார். வீட்டு விற்பனைப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதே. உன் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில்தானே கோப்பிங்கன், மேர்க்லின் கம்பெனி ஊர்? அவர்களுடைய மியூசியத்துக்குக் கூட்டிப்போ, பிறகு ஹாம்பர்க். ஸ்கேலைப் பையில் வைத்துக்கொள்ள விடு. அங்கே பிடித்துப்போய் அவராகவே இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றால், அப்போது மற்றதைப் பேசு. பிடிக்காவிட்டால் ஆத்தூர் எங்கேயும் போய்விடாது.

அவர் திரும்பும்போது கொடுத்தனுப்ப: எட்டு முள் பிளக் உள்ள டிகோடர் இரண்டு. ஆசைப்பட்டு மேர்க்லின் எஞ்சின் வாங்கிவிடாதே, அது நடுப்பாதையிலிருந்து கரண்ட் எடுக்கும், என் இரண்டு தண்டவாளத்தில் ஓடாது. வாங்கித்தான் தீருவேன் என்றால் அவர்களே போடும் ட்ரிக்ஸ் வாங்கு. பணத்தைக் குண்டுமணியிடம் கழித்துக்கொள், அவன் எனக்குத் தர வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

டிக்கெட் போட்டதும் முதலில் எனக்குச் சொல். அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
செந்தில்