வாசிப்பறையில் உதவிய அக்காவுக்கு

போன செவ்வாய், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பக்கத்து மேசையில் இருந்த அக்காவுக்கு நன்றி. பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

1943இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட ஜப்பானியர்கள் பிடித்துக்கொண்டு போன தாத்தாவைத் தேடி மூன்று நாளாக அலைந்தேன். 415 கிலோமீட்டர் பாதை அது. அங்கே வேலை செய்த போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயரோடு கல்லறை. நம் தமிழ்த் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

"தாத்தா பேரை இங்கிலீஷ் 'வி'யில் தேடாதீங்க தம்பி, கிராணி 'டபிள்யூ' போட்டு எழுதியிருப்பார்" என்றீர்கள். அப்படித்தான் எழுதியிருந்தார் அந்தத் தோட்டத்துக் குமாஸ்தா! பழைய தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேட்டில், தாத்தாவின் வரி. பாதி மாதம் வரை வேலைக்கு வந்த குறி, அப்புறம் வெறும் கட்டங்கள். எனக்குக் கை நடுங்கியது. பென்சிலை வாங்கி நீங்களே கோப்பு எண்ணைக் குறித்துத் தந்தீர்கள்.

பென்சில் உங்களிடம்தான் இருக்கிறது, அக்கா. வைத்துக்கொள்ளுங்கள்.