கோலி சோடா மறைந்தது கோலாவால் மட்டும் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வட சென்னையின் குடும்பத் தொழில்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, சோடாக் கம்பெனிகளின் வரலாற்றை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. 1993-இல் கோகோ கோலா இந்தியாவுக்குத் திரும்பி வந்தது, உள்ளூர்க்காரர்கள் கடையைக் கட்டினார்கள் என்பதே அதன் சாரம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் தாத்தா தொடங்கி, பெரியப்பாவும் அப்பாவும் நடத்திய சோடாக் கம்பெனியிலேயே வளர்ந்தவள் நான். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் வேறு வகை. பிரியாணி சாப்பிட்டவரும், வயிறு மந்தமாக இருப்பவரும், வெயிலில் மூட்டை இறக்கிவிட்டு வந்து எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடிப்பவரும் சோடாவைத்தான் கேட்டார்கள். கோலா வந்த பிறகும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். குறைந்துபோனது பாட்டில்.

லண்டன் பொறியாளர் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலுக்குத் தனியாக மூடி கிடையாது. தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை இயந்திரக் கூண்டில் பூட்டி, கேஸை ஏற்றிக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றினால், தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு இறங்கி ரப்பர் வாஷரில் உட்காரும். உள்ளேயிருக்கும் கேஸின் அழுத்தமே அதை அங்கே பிடித்து நிறுத்தும். வாஷர் தேய்ந்தால் சோடா காரம் இழந்துவிடும் என்பதால், வளைத்த கம்பியால் பழைய வாஷரை நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்துவது என் பெரியம்மாவின் அன்றாட வேலை. கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் இல்லை.

பாட்டில்தான் எங்கள் முதல். கண்ணாடியிலேயே கம்பெனிப் பெயரைப் புடைப்பெழுத்தில் வார்த்து வாங்குவோம். காலிப் பாட்டில் திரும்பி வந்தால்தான் மறுநாள் சரக்கு. தூக்கி எறியும் பிளாஸ்டிக் பாட்டில் பரவியதும், கடைக்காரர்களுக்குக் காலிப் பாட்டிலை அடுக்கி வைத்துக் கணக்குப் பார்ப்பது சுமையாகிவிட்டது. உடைந்தவையும் திரும்பாதவையும் பெருக, புதிதாக வார்க்கக் கொடுக்கும் பணமோ சோடா விற்ற லாபத்தில் கிடைக்கவில்லை.

2017 மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தபோது, எங்களிடம் சரக்குக் கேட்டு வராத கடைக்காரரே இல்லை. நிரப்பிக் கொடுக்கத்தான் பாட்டில் இல்லை. 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் போல, தலைமுறைகளாக ஊர் ஊராக ஆலையும் விநியோகமும் வளர்த்திருந்த குடும்பங்களே அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஜிஎஸ்டி, சர்க்கரையும் மணமும் சேராத வெறும் சோடாவுக்கு 18 சதவீதமும், பன்னீர் சோடாவுக்கு, கோலாவுக்குப் போலவே, 28 சதவீத வரியும் 12 சதவீதக் கூடுதல் தீர்வையும் விதித்தது. சிறு உற்பத்தியாளர்களுக்கான எளிய வரித் திட்டத்திலிருந்தும் 2019-இல் இத்தொழில் விலக்கப்பட்டது. அதன் பிறகு தொழிலைத் தொடர அப்பாவுக்குத் தெம்பில்லை.

இவற்றையெல்லாம் நினைவிலிருந்து மட்டும் எழுதிவிட முடியாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் சென்னையின் பழைய வணிகக் குறிப்பேடுகளைத் தேடலாம். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பழைய இதழ்களில் விளம்பரங்களைப் பார்க்கலாம். அவற்றில் இடம்பெறாத சிறு கம்பெனிகளுக்குச் சாட்சி, வீட்டுப் பரணில் கிடக்கும் பாட்டில்களும் கடன் நோட்டுகளுமே. ஆகவே, பெயர் பொறித்த பாட்டில்களின் படங்களை வாசகர்களிடம் கேட்டு வாங்கி, வாரம் ஒன்றாகத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். எங்கள் கம்பெனியின் பாட்டில்களையும் பெரியப்பா கைப்பட எழுதிய வரவு செலவு நோட்டுகளையும் தங்கள் செய்தியாளரிடம் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21